காலி டிரம் என்பது காலி அல்ல



நம் இதழில் வரி, லைசென்ஸ், ஆன்லைன் வியாபாரத்தால் நமக்கு ஏற்படும் நஷ்டம், அதிகாரிகளின் கெடுபிடி என்று எழுதுவதுதான் வழக்கம். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். அவையெல்லாம் வெளியிலிருந்து வரும் தொல்லைகள். நம்முடைய குடோனுக்குள் நாமே காசு கொடுத்து வாங்கி வைக்கும் தொல்லை ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் எழுதக் காணோம். பழைய டிரம்மைத்தான் சொல்கிறேன்.

நான் அய்யலூரில் எண்ணெய், புளி, வெல்லம், பருப்பு மொத்த வியாபாரம் செய்து வருபவன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ரசாயனம் கற்றுக்கொடுக்கும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் ரசாயனம் எனக்கு ஒரு பாடம் கற்றுக்கொடுத்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களாவது தப்பித்துக் கொள்ளட்டும்.

1996-ல் வாங்கிய ஆறு டிரம்

1996-ஆம் வருடம். அப்போது எண்ணெய் வியாபாரம் பெரும்பாலும் சில்லறை அளவைதான். பீப்பாயில் கடலை எண்ணெய் வரும், அளந்து டின்னில் ஊற்றிக் கொடுப்போம். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வரும் மலையடிவாரத்துக் கடைக்காரர்கள் அன்றைக்கே சரக்கும் எடுத்துக்கொண்டு போவார்கள். தீபாவளி நெருக்கம். இருப்பு வைக்க டிரம் போதவில்லை. பழைய டிரம் வியாபாரி ஒருவர் 200 லிட்டர் இரும்பு டிரம் ஆறு கொண்டுவந்தார். புது டிரம் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் கேட்டார். நீலப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. "முன்னே என்ன இருந்ததுங்க?" என்று கேட்டேன். "சோப்பு ஆயில் அண்ணாச்சி, கழுவியாச்சு" என்றார். நானும் ஆள் விட்டுச் சோடா உப்பு, புளி, சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயப் போட்டேன். அடியில் மட்டும் மைதாப் பசை காய்ந்தது போல ஒரு படலம் விடாமல் ஒட்டியிருந்தது. போகட்டும் என்று எண்ணெயை ஊற்றிவிட்டேன். மூன்று டிரம் நிரம்பியது.

பத்து நாளில் ஒரு கடைக்கார அம்மா டின்னோடு திரும்பி வந்தார். "அண்ணாச்சி, எண்ணெய் என்னமோ பெயிண்ட் வாடை அடிக்குது. ஜனங்க சண்டைக்கு வர்றாங்க" என்றார்.

"நீ சீமெண்ணெய் டின்ல வாங்கிட்டுப் போயிருப்பம்மா" என்று நான் சிரித்தேன். அந்த அம்மா எதுவும் பேசவில்லை, மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று இரவு ஒரு காலி டிரம்மைக் கவிழ்த்து நீலப் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தேன். அடியில் பழைய ஸ்டிக்கர் பாதி இருந்தது. சிவப்புக் கட்டத்தில் தீப்படம், அதன் பக்கத்தில் 1917 என்று ஒரு எண். வருடம் போலிருக்கிறது என்று நினைத்தேன். மதுரையில் கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த என் தங்கை மகனுக்கு போன் போட்டுக் கேட்டேன். அவன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் கூப்பிட்டான். "மாமா, அது வருஷம் இல்ல. உலகம் பூரா அந்தச் சரக்குக்குக் கொடுத்திருக்கிற நம்பர். எத்தில் அக்ரிலேட். அந்த எண்ணெய ஒரு சொட்டுகூட விக்காதீங்க" என்றான்.

மீதி எண்ணெயை நிறுத்தினேன். பதினோரு கடைக்குப் போயிருந்தது. ஆள் அனுப்பி ஒன்பது கடையிலிருந்து திரும்ப எடுத்துப் பணத்தைக் கொடுத்தேன். இரண்டு கடையில் விற்றுத் தீர்ந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் அந்த இரண்டு கடைக்காரர்களும் சொன்னார்கள். ஆனால் அந்த எண்ணெயில் வடை சுட்டுத் தின்ற குழந்தைகள் யார் யார் என்று எனக்குத் தெரியாது. எண்ணெய் நஷ்டம் இரண்டு வருடத்தில் சரிக்கட்டப்பட்டது. மற்றது சரிக்கட்டப்படவில்லை.

அக்ரிலேட் என்றால் என்ன?

பயப்படும்படியான பெயராக இருந்தாலும் இது நமக்கு அந்நியப் பொருள் அல்ல. பார்சல் ஒட்டும் பழுப்பு டேப்பின் பசை, சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயிண்ட், தோல் பதனிடும் இடங்களில் மேல்பூச்சு, துணிக்குப் போடும் பசை இவற்றில் எல்லாம் அக்ரிலேட் வகையைச் சேர்ந்த சரக்கு உண்டு. கடைப் பெயர்ப் பலகைக்குப் போடும் அக்ரிலிக் ஷீட் இதற்கு அண்ணன் தம்பி முறை. குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பரில் ஈரத்தை உறிஞ்சும் தூளும் அக்ரிலிக் அமிலக் குடும்பம்தான். நம் கல்லாப்பெட்டி ஓரத்தில் அட்டையில் தொங்கும் ஃபெவிக்விக் மாதிரியான உடனடிப் பசை சயனோ அக்ரிலேட் என்ற வகை.

அப்படியானால் இவை எல்லாம் விஷமா என்று கேட்பீர்கள். இல்லை. இதை நான் புரிந்துகொண்டது இப்படி: பாலில் உறை ஊற்றித் தயிரானால் அது மறுபடி பால் ஆகாது. அதுபோல இந்தத் திரவம் தனித்தனித் துகளாக இருக்கும்போது ஒரு குணம். துகள்கள் கைகோத்துச் சங்கிலியாகி இறுகிய பிறகு வேறு குணம். இறுகிய பிறகு அது டேப், ஷீட், பெயிண்ட் படலம். பெரிய தொந்தரவு இல்லை. இறுகாத திரவம்தான் ஆபத்து. என் டிரம்மின் அடியில் ஒட்டியிருந்த பசை இறுகிய பகுதி. இடுக்கிலும் மடிப்பிலும் அதற்குள்ளேயும் தங்கியிருந்தது இறுகாத பகுதி. அதுதான் எண்ணெயில் கலந்தது.

எத்தில் அக்ரிலேட் பார்வைக்குத் தண்ணீர் மாதிரி இருக்கும். தண்ணீரில் கொஞ்சம்தான் கரையும்; எண்ணெயில் நன்றாகக் கலந்துவிடும். அதனால்தான் தண்ணீர் விட்டு எத்தனை தரம் கழுவினாலும் போகாமல், எண்ணெய் ஊற்றியதும் வெளியே வந்தது. நூறு கோடிப் பங்கு காற்றில் ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும் அளவு காட்டமான வாடை. கண், மூக்கு, தொண்டையை எரிக்கும். தோலில் பட்டால் சிவக்கும். சிலருக்கு ஒரு தரம் ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறிது பட்டாலே தடித்துவிடும். அன்னாசிப் பழத்தில்கூட இது இயற்கையாக மிகச் சிறு அளவில் இருக்கிறதாம். ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. முன்பு உணவுக்கு மணம் சேர்க்க இதை அனுமதித்திருந்த அமெரிக்கா, 2018-ல் அந்த அனுமதியை எடுத்துவிட்டது.

தீ விஷயத்தில் இது பெட்ரோலுக்குச் சகோதரன். பத்து டிகிரி அளவு குளிரிலேயே தீப்பிடிக்கும் ஆவி கிளம்பிவிடும். நம் ஊர் வெயிலைக் கேட்க வேண்டுமா? ஆவி காற்றைப் போல மூன்று மடங்குக்கு மேல் கனம். மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து சாக்கடை, பள்ளம் பார்த்து ஓடும். காலி டிரம்மில் திரவம் தீர்ந்துவிட்டாலும் இந்த ஆவி நிறைந்திருக்கும். மூடியை வெட்டித் தொட்டியாக்குகிறேன் என்று கேஸ் கட்டரை வைத்தால் டிரம் வெடித்துவிடும். நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்தான் இந்த விதத்தில் ஆபத்து.

சூடும் காலமும்

இந்தச் சரக்கைச் சேமிப்பதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. வெயில் காலத்தில் தோசை மாவு சீக்கிரம் பொங்கி வழிவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் விட்டால் அடுப்பில்லாமலே கொதிப்பதையும் பார்த்திருப்பீர்கள். இரண்டும் சேர்ந்தது போன்றது இது. சூடு பட்டால் துகள்கள் தானாகச் சங்கிலி சேரத் தொடங்கும். சேரும்போது மேலும் சூடு பிறக்கும். அந்தச் சூடு இன்னும் வேகமாகச் சேர்க்கும். மூடிய டிரம்மோ டேங்கோ தாங்காது.

இதைத் தடுக்கத் தயாரிப்பாளர்கள் பத்து லட்சத்தில் பத்து, இருபது பங்கு அளவு தடுப்பான் மருந்து ஒன்றைக் கலக்கிறார்கள். அந்த மருந்து வேலை செய்யக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். ஆகவே டிரம்மைக் கழுத்துவரை நிரப்பாமல் மேலே காற்று இடம் விட வேண்டும். வெயில் படாமல், 35 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும். மருந்தும் நாளாக நாளாகத் தீரும் என்பதால் பழைய சரக்கை முதலில் அனுப்ப வேண்டும். அளவைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் பக்கத்துத் தகரக் கொட்டகைக் குடோனில் சித்திரை மாதம் எத்தனை டிகிரி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சாட்சிகள். ஜப்பானில் ஹிமேஜி என்ற ஊரில் 2012 செப்டம்பர் 29 அன்று அக்ரிலிக் அமிலம் இருந்த டேங்க் ஒன்று வெடித்தது. டேங்கின் மேல்பகுதியில் சூடு தேங்கி நின்றதே காரணம். தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அடுத்தது நம் நாட்டில். விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் 2020 மே 7 அதிகாலை ஸ்டைரீன் ஆவி வெளியேறி, உறக்கத்தில் இருந்த ஆர்.ஆர். வெங்கடாபுரம் பகுதி மக்களைத் தாக்கியது. பன்னிரண்டு பேர் மாண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஸ்டைரீன் அக்ரிலேட் அல்ல. ஆனால் இதே குணம், இதே மாதிரி தடுப்பான் கலந்து வைக்கும் சரக்கு. கொரோனா ஊரடங்கில் ஆலை ஓடாமல் இருந்தபோது டேங்கில் சரக்கு வாரக்கணக்கில் கிடந்தது. மேல்பகுதிச் சூட்டை அளக்க ஏற்பாடு இல்லை. தடுப்பான் மருந்து போதவில்லை.

இதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது இதுதான்: வைத்த சரக்கு வைத்தபடியே இருக்கும் என்று நினைப்பதே பெரிய தவறு. பருப்பில் வண்டு விழுவதை நாம் எதிர்பார்த்துக் கிளறிப் பார்க்கிறோம். ரசாயனத்தை மட்டும் மூலையில் போட்டு மறந்துவிடுகிறோம்.

உணவோடு சேர்ந்து வந்த விஷம்

"எங்கேயோ ஆலையில் நடப்பதற்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். மளிகைச் சரக்கிலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

1958-ல் கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கோதுமை மாவுப் பண்டம் சாப்பிட்டு இறந்தார்கள். மாவு மூட்டையும் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தும் ஒரே கப்பலில் வந்ததில் மருந்து கசிந்து மாவில் இறங்கிவிட்டது. மாவை விற்ற கடைக்காரருக்கு அது தெரியாது. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டமே வந்தது.

2013 ஜூலை 16 அன்று பீகாரில் சாரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து இருந்ததைத் தடய அறிவியல் சோதனை காட்டியது. மருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெயை வைத்திருந்ததாகப் போலீசார் சொன்னார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் செய்ததும் நான் 1996-ல் செய்ததும் ஒன்றுதான். என் டிரம்மில் இருந்தது அவ்வளவு கொடிய விஷம் அல்ல என்பது மட்டுமே வித்தியாசம். அது என் புத்திசாலித்தனம் அல்ல, என் அதிர்ஷ்டம்.

நம் திண்டுக்கல் மாவட்டத்துக்கு வருவோம். கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது ஏன்? பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தது அம்பலமானதால். ஆலைக் கழிவு கடைவீதிக்கு வந்த வழி, பழைய சாமான் வியாபாரம். தொழிலாளர்களுக்கு உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆயிற்று. இவ்வளவு பெரிய கம்பெனியிலேயே கழிவு கை மாறிக் கடைக்கு வருமென்றால், யார் எங்கிருந்து கொண்டுவந்தார் என்று தெரியாத டிரம்மை எந்த நம்பிக்கையில் வாங்குவது?

சட்டம் இருக்கிறது

ரசாயனம் ஒட்டிய காலி பீப்பாய், டப்பாக்கள் எல்லாம் 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் பட்டியலில் உள்ளவை. ஆலைக்காரர் அதைக் கண்டவருக்கு விற்கக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். 2018-ஆம் ஆண்டு உணவுப் பொதியல் விதிகளின்படி, ஒருமுறை பயன்படுத்திய தகர டின்னில் மறுபடி உணவுப் பொருளை அடைக்கக் கூடாது. உணவுப் பொருளையும் சுத்தம் செய்யும் ரசாயனங்களையும் தனித்தனியே வைக்க வேண்டும் என்பது லைசென்ஸ் நிபந்தனைகளிலேயே இருக்கிறது.

அதிகாரிகளைப் பற்றி எனக்கும் வருத்தம் உண்டு. மளிகைக் கடையில் பாக்கெட்டில் தேதி அழிந்திருந்தால் அபராதம் போடுகிறார்கள். ஆனால் ரசாயன டிரம் ஆலை வாசலைத் தாண்டி, பெயிண்ட் மாற்றி, கடைவீதிக்கு வரும்வரை ஒருவரும் கேட்பதில்லை. தண்டனை கடைசியில் இருக்கும் சிறு வியாபாரிக்கு மட்டும் என்பது நியாயம் அல்ல. வாய்க்காலில் தண்ணீர் கலங்கி வந்தால் மடையில்தான் பார்க்க வேண்டும். ஆலையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு டிரம்முக்கும் கணக்கு கேட்க வேண்டும் என்று நம் சங்கம் வலியுறுத்த வேண்டும்.

ஆனால் நம் கை சுத்தமாக இருந்தால்தான் அப்படிக் கேட்கும் உரிமை நமக்கு வரும்.

"புது டிரம் வாங்கக் கட்டுப்படியாகுமா?" என்று சிறிய கடைக்காரர்கள் கேட்பது புரிகிறது. இன்றைக்குச் சில்லறையாக எண்ணெய் விற்பது சட்டப்படி கூடாது; ஆனால் டிரம் போய்விடவில்லை. புளி, உப்பு, ஊறுகாய், மாவு, குடிதண்ணீர் எல்லாவற்றுக்கும் நீல பிளாஸ்டிக் டிரம் வந்துவிட்டது. கல்யாண வீட்டில் தண்ணீர் அதில்தான். பிளாஸ்டிக் இரும்பைவிட மோசம். ரசாயனத்தைத் தன் உடம்புக்குள்ளேயே உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல விடும். கழுவினால் போகாது. புது டிரம் பத்து வருடம் உழைக்கும். வருடத்துக்கு வகுத்துப் பார்த்தால் மாதம் நாலு டீக்காசு. அரைக் காசுக்குப் போன மானம் ஆயிரம் காசு கொடுத்தாலும் வராது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

"எங்கள் அப்பா காலத்திலிருந்து பழைய பீப்பாய்தான்" என்று சொல்பவர்களும் உண்டு. அப்பா காலத்துப் பீப்பாயில் தேங்காய் எண்ணெயோ சீமெண்ணெயோ இருந்தது. என்ன இருந்தது என்று மூக்கு சொல்லிவிடும். இன்றைக்கு டிரம்மில் வருவதில் வாடையே இல்லாத விஷங்களும் உண்டு. அக்ரிலேட் வாடையால் என்னைக் காட்டிக்கொடுத்தது. வாடை இல்லாத சரக்காக இருந்திருந்தால் ஆறு டிரம்மும் விற்றுத் தீர்ந்திருக்கும்.

கடையில் செய்ய வேண்டியவை

நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்.

ஒன்று. உணவுப் பொருளுக்குப் பழைய டிரம், கேன், டின் வாங்குவதில்லை. புதிதாக வாங்குவதிலும் உணவுக்கு ஏற்றது என்ற குறி இருக்கிறதா, பில் உண்டா என்று பார்த்து வாங்குகிறேன்.

இரண்டு. பினாயில், ஆசிட், எலி மருந்து, கொசு மருந்து, டர்பன்டைன், பசை இவற்றுக்குத் தனி அலமாரி. இடம் இல்லாதவர்கள் ஒரே அலமாரியில் கீழ்த்தட்டில் வைக்கலாம். மேலே வைத்தால் கசிந்து பருப்பு, மாவின் மேல் இறங்கும். சர்பத் பாட்டில், தண்ணீர் பாட்டிலில் ஆசிட்டையோ பினாயிலையோ ஊற்றி விற்கவே கூடாது.

மூன்று. லாரி புக்கிங் ஆபீசில் சரக்குப் போடும்போது உடன் வரும் சரக்கு என்ன என்று கேட்கிறேன். மாவு மூட்டையும் மருந்துப் பெட்டியும் ஒரே லோடில் ஏறக் கூடாது. வந்த மூட்டையில் ஈரக் கறையோ புது வாடையோ இருந்தால் இறக்காமல் திருப்புகிறேன். இதனால் இரண்டு தரம் சண்டை வந்தது, வந்தால் வரட்டும்.

நான்கு. உடனடிப் பசையைக் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் தொங்கவிடுவதில்லை. கண் சொட்டு மருந்து என்று நினைத்துக் கண்ணில் விட்டுக்கொண்டவர்கள் உண்டு. விரல் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்கக் கூடாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லப் பிரிக்க வேண்டும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுவிட்டு நேராக டாக்டரிடம் போக வேண்டும். பஞ்சு, பருத்தித் துணியில் இந்தப் பசை நிறையச் சிந்தினால் தானே சூடேறித் தோலைச் சுட்டுவிடும். துடைக்கப் பனியனைத் தேடாதீர்கள்.

ஐந்து. பெயிண்ட், ஹார்டுவேர் வியாபாரம் செய்யும் நண்பர்கள் தின்னர், பசை, ரசாயன டிரம்களை வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். பக்கத்தில் அடுப்பு, பீடி, வெல்டிங் ஆகாது. டிரம் உப்பியிருந்தாலோ தொட்டால் சுட்டாலோ திறந்து பார்க்க வேண்டாம். ஆட்களை வெளியேற்றித் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். உடம்பில் பட்டால் அந்த உடையைக் களைந்து கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆறாவதாக, நெடுஞ்சாலையோரக் கடைக்காரர்களுக்கு. நம் ஊர் வண்டிக் கருப்பணசாமி கோயிலில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுப் போகாத டிரைவர் குறைவு. டேங்கர்களும் நிற்கும். கொச்சியில் பாரத் பெட்ரோலியம் ஆலையில் அக்ரிலேட் தயாரிக்கும் பிரிவு 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இந்த மாதிரிச் சரக்கெல்லாம் சாலை வழியாகத்தான் போய் வருகிறது. அபாயச் சரக்கு ஏற்றிய டேங்கரின் பக்கத்திலும் பின்னாலும் ஒரு பலகையில் நான்கு இலக்க எண் இருக்கும். சமையல் கேஸ் 1075, பெட்ரோல் 1203, டீசல் 1202, எத்தில் அக்ரிலேட் 1917, பூட்டைல் அக்ரிலேட் 2348. டேங்கர் கவிழ்ந்தால் எண்ணெய் அள்ளக் குடத்தோடு ஓடாதீர்கள். தூரத்தில் நின்று அந்த எண்ணைப் படித்து 112-க்குச் சொல்லுங்கள். அடுப்பை அணையுங்கள், கரண்ட் சுவிட்சைப் போடவோ அணைக்கவோ வேண்டாம். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக மேட்டுக்குப் போங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் சங்கம் அடுத்த பொதுக்குழுவில் மூன்று காரியங்களை முடிவு செய்ய வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

முதலாவது, உணவுப் பொருளுக்குப் பழைய ரசாயன டிரம்மை வாங்குவதில்லை என்று உறுப்பினர்கள் அனைவரும் தீர்மானம் போட வேண்டும். வாங்குபவர் இல்லாவிட்டால் விற்பவர் தானாக நின்றுவிடுவார்.

இரண்டாவது, புது டிரம்களைச் சங்கத்தின் பெயரில் மொத்தமாக வாங்கி, சிறிய கடைக்காரர்களுக்குத் தவணையில் கொடுக்க வேண்டும். ஐம்பது, நூறு என்று வாங்கினால் விலை குறையும். மொத்த வியாபாரிகளாகிய நாங்கள் முன்பணம் போடத் தயாராக இருக்க வேண்டும். நான் போடுகிறேன்.

மூன்றாவது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், உணவுப் பாதுகாப்புத் துறை, தீயணைப்பு நிலைய அலுவலர்களை அழைத்து ஒரு கூட்டம் போட வேண்டும். அபராதத்துக்கு அல்லாமல் விளக்கம் சொல்ல அவர்கள் ஒரு நாள் வரட்டும். டிரம் எங்கிருந்து வருகிறது என்ற நம் கேள்விக்கும் அவர்கள் பதில் சொல்லட்டும்.

அந்தக் கடைக்கார அம்மா அதற்குப் பிறகும் என்னிடமே பல வருடம் சரக்கு எடுத்தார். நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததால் அல்ல. "தப்புன்னு சொன்னதும் ஒத்துக்கிட்டீங்கள்ல அண்ணாச்சி" என்று ஒரு நாள் சொன்னார். ஆனால் புதுச் சரக்கு எதை வாங்கினாலும் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார். எனக்கு அது கொஞ்சம் குத்தும். குத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

நம்மிடம் வாங்குகிறவர்கள் எல்லோரும் முகர்ந்து பார்க்க மாட்டார்கள். நம்பி வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்களுக்காக நாம்தான் முகர்ந்து பார்க்க வேண்டும். இந்த இதழ் கைக்கு வந்த அன்றே உங்கள் குடோனுக்குள் போய், மூலையில் கிடக்கும் டிரம்மைக் கவிழ்த்து, பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள்.